ஜப்பான் கடன், ஜப்பான் சந்தை, ஜப்பான் வேலை: வாசகர் கேள்வி – பதில்

வளர்ந்துவரும் நாடு ஒன்று, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் நாட்டோடு கூட்டுச் சேரும்போது யாருக்கு என்ன கிடைக்கிறது, எங்கே கை சுடும் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை இந்தியா – ஜப்பான் உறவைப் பற்றியே பேசின. 1958-ல் ஜப்பான் முதன்முதலாக யென் கடன் கொடுத்த நாடே இந்தியாதான். அதனால் இந்த இதழில் அந்த உறவை நடுவில் வைத்துப் பதில் சொல்கிறோம்.

மும்பை – அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு ஜப்பான் 0.1 விழுக்காடு வட்டியில் கடன் தருகிறது. என் கல்விக் கடனுக்கு வங்கி 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கிறது. இவ்வளவு மலிவாகக் கொடுப்பதில் ஜப்பானுக்கு என்ன லாபம்? நமக்கு எங்கே இடிக்கும்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

508 கி.மீ. நீளப் பாதை. முதல் மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 விழுக்காடு ஜப்பான் கடன். தவணைக் காலம் 50 ஆண்டுகள், முதல் 15 ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டாம்.

ஜப்பானின் லாபம் வட்டியில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. இப்போது அந்நாட்டின் வளர்ச்சி உதவி முகமையான ஜைக்கா வழியாக வரும் 'ஸ்டெப்' என்ற கடன் வகையை ஜப்பான் 2002-ல் கொண்டுவந்தது. வட்டி மிகக் குறைவு, காலம் மிக நீளம். பதிலுக்கு முதன்மை ஒப்பந்ததாரர் ஜப்பான் நிறுவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டுக்கான பொருளும் சேவையும் ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஜப்பானிலேயே வட்டி விகிதம் பல ஆண்டுகளாகப் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. அந்தப் பணத்தை வெளியே கொடுத்துத் தன் ரயில் நிறுவனங்களுக்கு வேலை பிடித்துத் தருகிறது அந்த நாடு. இதை யாரும் மறைக்கவில்லை, நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. தானம் என்று நினைப்பதும் தவறு, சூழ்ச்சி என்று பயப்படுவதும் தவறு.

நமக்கு இடிக்கக்கூடிய முதல் இடம் நாணய மாற்று. கடன் யென்னில் வருகிறது, யென்னிலேயே திருப்ப வேண்டும். ஆனால் ரயில் டிக்கெட் ரூபாயில்தான் விற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கோடி யென் கடன் வாங்கும் நாளில் ஒரு யென் 55 பைசா என்றால் அது 5,500 கோடி ரூபாய். திருப்பும் காலத்தில் யென் 80 பைசா ஆகிவிட்டால் அதே அசல் 8,000 கோடி ரூபாய். 0.1 விழுக்காடு வட்டி இந்தக் கணக்கில் தூசு.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 1980-ல் ஒரு யென்னின் மதிப்பு சுமார் மூன்றரைப் பைசா. 1995-ல் சுமார் 34 பைசா. 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 மடங்கு. அதன் பிறகு காற்று மாறியும் வீசியிருக்கிறது. 2012-ல் 67 பைசா அளவில் இருந்த யென் 2024-ல் 55 பைசா அளவுக்கு இறங்கியது. ஆக, உண்மையான வட்டி என்பது 0.1 விழுக்காட்டோடு ஆண்டுக்கு யென் சராசரியாக எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கூட்டி வருவது. யென் ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறினால் கடன் நமக்கு 2.1 விழுக்காட்டுக்கு வந்தது என்று பொருள். உள்நாட்டில் 7 விழுக்காட்டுக்குக் கடன் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், யென் 50 ஆண்டுகளும் சராசரியாக 7 விழுக்காட்டை ஒட்டி ஏறிக்கொண்டே போனால் மட்டுமே இந்தக் கடன் நட்டம். அது நடக்கும் வாய்ப்பு குறைவு. எனவே கடன் விலையைப் பொறுத்தவரை இது நல்ல பேரம்தான்.

இரண்டாவது இடம் கொள்முதல் விலை. ஏலத்தில் ஒரே நாட்டு நிறுவனங்கள் மட்டும் இரண்டு மூன்று பேர் நின்றால் விலை இறங்காது. வட்டியில் மிச்சமானது பெட்டியின் விலையிலும் சிக்னல் கருவியின் விலையிலும் வெளியே போகலாம். இதற்கு மருந்து, கையில் மாற்று வழி வைத்திருப்பது. சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2024 அக்டோபரில் மணிக்கு 280 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கும் 2 ரயில் தொடர்களை பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்திடம் 866.87 கோடி ரூபாய்க்கு ஆர்டர் செய்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் விலை பேசும் மேசையில் அது கனமான துருப்பு.

மூன்றாவது இடம் நம் வீட்டுப் பிரச்சினை: நிலம். அடிக்கல் நாட்டியது 2017 செப்டம்பர் 14. பாதைக்குத் தேவையான நிலம் முழுதும் கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தது 2024 ஜனவரியில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் சிமெண்டும் இரும்பும் கூலியும் ஏறியதற்கு ஜப்பானைக் குறை சொல்ல முடியாது.

மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்ப ஏன் இத்தனை ஆண்டு? 'ஜைக்கா கடன் வரவில்லை' என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். கடன் என்பது அப்படி எத்தனை வாசல் தாண்டி வருகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

முதலில் தேதிகள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2018 டிசம்பர், மதிப்பீடு 1,264 கோடி. தோப்பூரில் அடிக்கல் 2019 ஜனவரி 27. ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம் 2021 மார்ச். கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச். அதற்குள் மதிப்பீடு 1,977.80 கோடியாகிவிட்டது. அதில் 1,627.70 கோடி ஜப்பான் கடன். (கூடுதல் தொகையில் 150 படுக்கைத் தொற்றுநோய்ப் பிரிவும் அடங்கும்.) மாணவர்களை 2022-லேயே சேர்த்துவிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. தென் மாவட்ட நோயாளிகள் காத்திருந்த ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் வர வேண்டிய இழப்பு.

இப்போது வாசல்கள். திட்ட அறிக்கை தயாரானதும் துறை அமைச்சகம் அதை நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு அனுப்பும். அந்தத் துறைதான் வெளிநாட்டுக் கடனுக்கு ஒரே நுழைவாயில். மாநில அரசோ, ஒரு மருத்துவமனையோ நேராக டோக்கியோவுக்கு எழுத முடியாது. ஜப்பான் தரப்பு ஏற்றதும் ஜைக்கா ஆயத்த ஆய்வு நடத்தும்: மண், தண்ணீர், தேவை, செலவு, சுற்றுச்சூழல். பிறகு ஜைக்கா மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்கும். அதன் பின் இரு அரசுகளும் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். அதற்குப் பின்புதான் கடன் ஒப்பந்தம்.

பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். ஒப்பந்தம் ஆன பிறகு ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது விரிவான வடிவமைப்பைச் செய்ய வேண்டும். பிறகு டெண்டர் ஆவணம், நிறுவனங்களின் தகுதிச் சோதனை, விலைப்புள்ளி ஒப்பீடு, ஒப்பந்தம். இந்தக் கட்டங்களில் ஜைக்காவின் இசைவுக் கடிதம் வந்தால்தான் அடுத்த அடி வைக்கலாம். டெண்டரில் ஒரு நிபந்தனையை மாற்றினாலும் கடிதம் மறுபடி போய் வரும்.

பணமும் மொத்தமாக வந்து கஜானாவில் விழாது. வேலை நடந்ததற்கான பில் போனால், ஒப்பந்ததாரருக்கு நேராகச் செலுத்துவார்கள், அல்லது நாம் முதலில் கட்டிவிட்டுப் பின்னர் ஈடு பெறலாம். இன்னொன்றும் முக்கியம். நிலம் வாங்கும் செலவு, இழப்பீடு, வரிகள், அரசு அலுவலகச் செலவு ஆகியவற்றுக்கு ஜைக்கா கடன் பொருந்தாது. அந்தப் பணத்தைச் சொந்தமாக ஒதுக்கி வைக்காத திட்டம் கடன் கிடைத்த பிறகும் நிற்கும்.

மதுரையில் நடந்த பிழை வரிசைப் பிழை. ஆயத்த ஆய்வும் கடனும் முடியும் முன் அடிக்கல் விழா நடந்தது. விழா நடந்ததும் மக்கள் நாளை எண்ணத் தொடங்குவார்கள், கடன் நடைமுறையோ தன் வேகத்தில்தான் போகும். வடிவமைப்பு ஆலோசகரை முன்கூட்டியே உள்நாட்டு நிதியில் நியமித்து, ஜைக்கா விதிகளின்படியே வரைபடத்தைத் தயாரித்து வைத்திருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

சென்னை மெட்ரோவும் ஜப்பான் கடன்தானே? பெட்டிகள் மட்டும் எப்படி பிரெஞ்சு நிறுவனத்துடையவை?
– வாசகர், அசோக் நகர், சென்னை

முதல் கட்டத்துக்குக் கிடைத்தது நிபந்தனை இல்லாத பொதுக் கடன். ஸ்டெப் வகை இல்லை. உலக அளவில் டெண்டர் விட்டதில் ஆல்ஸ்டாம் வென்றது. முதல் சில ரயில்கள் பிரேசிலிலிருந்தும் மீதி ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்தும் வந்தன. கடன் பத்திரத்தைப் படிக்கும்போது வட்டிக்கு முன்னால் 'கட்டுள்ளதா, கட்டற்றதா' என்ற வரியைத்தான் தேட வேண்டும். வட்டி சற்றுக் கூடினாலும் கட்டற்ற கடன் பல நேரம் மொத்தத்தில் மலிவாக முடியும், ஏனென்றால் ஏலத்தில் போட்டி இருக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். 2005 ஏப்ரலுக்குப் பிறகு, மாநிலத் திட்டங்களுக்கான வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு அதே நாணயத்தில், அதே நிபந்தனையோடு மாநிலத்துக்குக் கைமாற்றுகிறது. அதாவது யென் ஏறினால் சுமை மாநிலத்தின் தலையில். 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள இரண்டாம் கட்டம் 2024 அக்டோபர் 3 வரை மாநிலத் திட்டமாகவே இருந்தது. அன்றைய மத்திய அமைச்சரவை முடிவுக்குப் பின் மதிப்பீட்டில் சுமார் 65 விழுக்காடு மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. தமிழ்நாடு இதற்காக ஏன் அவ்வளவு வாதாடியது என்பது இந்த நாணயக் கணக்கு தெரிந்தால்தான் முழுதாக விளங்கும்.

ஒசூரில் சிறு தொழிற்கூடம் வைத்து வாகன உதிரிபாகம் கடைகிறோம். இந்தியா – ஜப்பான் வர்த்தக ஒப்பந்தத்தில் வரிச் சலுகை இருக்கிறதாம். எங்களைப் போன்றவர்கள் அதைப் பெறுவது எப்படி?
– சிறுதொழில் உரிமையாளர், ஒசூர்

முதலில் ஒரு கசப்பான தகவல். வாகன உதிரிபாகங்களுக்கு ஜப்பான் எந்த நாட்டுக்கும் சுங்க வரி போடுவதில்லை. எல்லோருக்கும் பூஜ்யம் என்னும்போது ஒப்பந்தம் உங்களுக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. 2011 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தின் அடிப்படைச் சமனின்மையே இதுதான். வளர்ந்த நாடு தொழிற்பொருள் வரியை முன்பே தாழ்த்திவிட்டது. வளரும் நாட்டின் வரி உயரத்தில் இருக்கிறது. இருவரும் பூஜ்யத்துக்கு வந்தால் அதிகம் இறங்கியவர் யார் என்று பாருங்கள். 2023–24-ல் நாம் ஜப்பானுக்கு விற்றது சுமார் 5 பில்லியன் டாலர், அங்கிருந்து வாங்கியது 17 பில்லியனுக்கும் மேல். வாங்கியவற்றில் நம் ஆலைகளுக்குத் தேவையான இயந்திரமும் நிறைய உண்டு, அதனால் எல்லாமே நட்டம் என்று சொல்ல மாட்டோம். பேச்சுவார்த்தையில் வரியை மட்டும் பேசிவிட்டுத் தர விதிகளை ஓரத்தில் விட்டதுதான் குறை.

உங்கள் சரக்கு ஜப்பானில் வரி உள்ள பட்டியலில் இருந்தால் சலுகை பெறும் வழி இது. பொருளின் 6 இலக்க எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணை, உறுதி செய்யுங்கள். ஜப்பான் இறக்குமதியாளரிடம் அங்குள்ள சாதாரண வரி எவ்வளவு, ஒப்பந்த வரி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் சமம் என்றால் சான்றிதழுக்கு அலைய வேண்டாம்.

வித்தியாசம் இருந்தால் 'பிறப்பிட விதி'யைப் பாருங்கள். பொது விதிக்கு இரண்டு பாதங்கள், இரண்டும் தேவை. ஒன்று, பொருளின் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு இங்கே உருவாகியிருக்க வேண்டும். 1,000 ரூபாய்ப் பொருளில் வெளிநாட்டு மூலப்பொருள் 600 என்றால் 40 விழுக்காடு, தேறும். 680 என்றால் 32, தேறாது. இரண்டு, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் 6 இலக்க எண்ணும் முடிந்த பொருளின் 6 இலக்க எண்ணும் வேறாக இருக்க வேண்டும். சில பொருள்களுக்குத் தனி விதி ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. பொது விதியை நம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சிறு கூடங்கள் வழுக்கி விழுவது இந்த இரண்டாம் பாதத்தில்தான். வெளிநாட்டு எஃகுக் கம்பியை வாங்கி போல்ட் செய்தால் எண் மாறிவிடும், சிக்கலில்லை. ஆனால் பாதி முடிந்த வார்ப்பை இறக்குமதி செய்து இங்கே கடைந்து துளையிட்டு மெருகேற்றினால்? முடிந்த பாகத்தின் அடிப்படை உருவம் அந்த வார்ப்பிலேயே இருந்தால், சுங்கத் துறை அதற்கும் முடிந்த பாகத்தின் எண்ணையே கொடுக்கும். எண் மாறவில்லை. நீங்கள் பாதிக்கும் மேல் மதிப்புக் கூட்டியிருந்தாலும் சலுகை போச்சு.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் இருக்கிறது. ஜப்பானில் பிறந்த மூலப்பொருளை ஜப்பானுக்கான ஏற்றுமதியில் பயன்படுத்தினால் அதை இந்தியப் பொருளாகவே கணக்கில் சேர்க்கலாம். அதற்கு அந்த மூலப்பொருளுக்கு ஜப்பான் தரும் பிறப்பிடச் சான்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

பிறப்பிடச் சான்றுக்கான விண்ணப்பம், மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளம் வழியாக. அடக்கவிலைத் தாள், கொள்முதல் பில்கள், தயாரிப்பு முறைக் குறிப்பு ஆகியவற்றை முன்பே பதிவேற்றி வைத்தால் சரக்கு கிளம்பும் நேரத்தில் தவிக்க வேண்டாம். சரக்கு நேராக ஜப்பான் போக வேண்டும். வழியில் சிங்கப்பூரில் கப்பல் மாறலாம், ஆனால் அங்கே பிரித்து வேறு பெட்டியில் அடைத்தால் சலுகை இழப்பீர்கள். எல்லாக் காகிதங்களையும் 5 ஆண்டு வைத்திருங்கள். இன்வாய்சில் ஒரு எச்.எஸ். எண், சான்றில் இன்னொன்று என்று இருந்தால் அங்கே சுங்கத்தில் நிற்கும். நிராகரிப்புக்கு இதுபோன்ற சாதாரணப் பிழைகளே பெரும்பாலும் காரணம்.

வரியே இல்லை என்கிறீர்கள். பிறகு ஏன் நம் இறாலும் பனியனும் ஜப்பானில் பெரிதாகப் போகவில்லை?
– வாசகர், நாகப்பட்டினம்

வரிச் சுவர் இறங்கினால் அதன் பின்னால் இருக்கும் தரச் சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. இறாலையே எடுத்துக்கொள்வோம். தீவனத்தில் சேர்க்கும் மீன் மாவு கெட்டுப்போகாமல் இருக்க எதாக்சிகுயின் என்ற பொருளைக் கலப்பார்கள். 2012-ல் ஜப்பான் இந்திய இறாலில் இதை 0.01 பி.பி.எம். அளவில் சோதிக்கத் தொடங்கியது. அந்தப் பொருளுக்கு இறாலில் தனி வரம்பு எதுவும் வகுத்திராததால் எடுத்துக்கொண்ட பொது அளவு அது. நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு! குளத்தில் எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் தீவன மூட்டையிலிருந்து வந்துவிடும். ஏற்றுமதி திணறியது. நம் தரப்பு சோதனை முடிவுகளோடு வாதாடிய பின் 2014-ல் வரம்பு 0.2 பி.பி.எம். ஆனது. 20 மடங்கு தளர்வு. இதற்கு உதவியவை நட்புறவு உரைகள் அல்ல, ஆய்வக அறிக்கைகள்.

பனியனுக்கு வேறு கதை. ஒப்பந்தத்தால் ஆடைக்கு வரி போனது உண்மை. ஆனால் பங்களாதேஷுக்கும் ஏழை நாடு என்ற முறையில் வரி இல்லை. அங்கே கூலி குறைவு. தவிர, ஜப்பான் வாங்குபவர் ஒவ்வொரு உருப்படியையும் ஊசி கண்டறியும் கருவி வழியாக ஓட்டச் சொல்வார். தையலில் உடைந்த ஊசித் துண்டு ஒன்று இருந்தாலும் முழு லாட்டும் திரும்பும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி ஒட்டி வைக்கும் பதிவேடு வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அசோ வகைச் சாயத்திலிருந்து வரக்கூடிய, அமைன் எனப்படும் 24 வகைத் தீங்கான வேதிப்பொருள்களுக்குச் சட்ட வரம்பும் வந்துவிட்டது. சாயப்பட்டறையை மாற்றும்போதெல்லாம் புதிய சோதனை அறிக்கை எடுக்காதவர்கள்தான் மாட்டுகிறார்கள். சிறிய ஆர்டர், நிறைய நிறம், கடுமையான பரிசோதனை. இதற்குத் தயாரான திருப்பூர்க் கூடங்கள் ஒருமுறை நுழைந்தால், ஜப்பான் வாங்குபவர் எளிதில் கைவிடுவதில்லை.

வளர்ந்த நாட்டு நிறுவனங்கள் உண்மையிலேயே தொழில்நுட்பத்தைக் கொடுக்கின்றனவா, அல்லது திருகாணி முடுக்கும் வேலையை மட்டுமா?
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

கொடுப்பதும் உண்டு. தானாக அல்ல, கொடுக்காமல் இருக்க முடியாதபடி ஒப்பந்தமும் சூழலும் அமையும்போது. மாருதி சிறந்த பாடம். 1982 அக்டோபரில் கூட்டு ஒப்பந்தம். சுசுகிக்கு 26 விழுக்காடு, மீதி அரசிடம். 1983 டிசம்பர் 14-ல் முதல் கார். தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைத்தான் குர்கானில் கோத்தார்கள். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகத்தின் பங்கைக் கூட்ட வேண்டும் என்று அரசு அட்டவணை போட்டிருந்தது.

அட்டவணையோடு இன்னொரு விசையும் சேர்ந்தது. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து பணக்கார நாடுகள் டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டன. ஒரு டாலருக்கு 240 யென் என்ற அளவில் இருந்தது இரண்டே ஆண்டில் ஏறக்குறையப் பாதியானது. ஜப்பான் பாகத்தின் ரூபாய் விலை தாறுமாறாக ஏற, உள்ளூரில் செய்வது சுசுகிக்கும் லாபமாயிற்று. உதிரிபாகம் செய்ய முன்வந்தவர்களுக்கு மாருதி ஆலைக்கு அருகில் இடம் கொடுத்தது, சிலவற்றில் சிறு பங்கும் போட்டது, சுசுகிக்குப் பாகம் கொடுக்கும் ஜப்பான் நிறுவனங்களோடு சேர்த்துவைத்தது. தொழில்நுட்பம் இறங்கியது வரைபடத்தில் அல்ல, இந்தச் சங்கிலியில்தான். ஒரு கியர் பெட்டிக்குள் எத்தனை மைக்ரான் விலகலாம் என்பதை ஃபரிதாபாத்தின் சிறு கூடம் கற்றதே உண்மையான கைமாற்றம்.

கூட்டில் விரிசலும் வந்தது. 1992-ல் சுசுகியின் பங்கு 50 விழுக்காடானது. 1997-ல் நிர்வாக இயக்குநரை அரசு தன் விருப்பப்படி நியமிக்க, சுசுகி சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 1998 ஜூனில் சமரசம். 50–50 பங்குக் கூட்டில் யார் யாரை, எத்தனை காலத்துக்கு, யார் சம்மதத்தோடு நியமிப்பது என்று ஐயமின்றி எழுதவில்லை என்றால் முட்டுக்கட்டை நிச்சயம். இதற்கு மாறாக, 1998-ல் ரஷ்யாவோடு தொடங்கிய பிரமோஸ் ஏவுகணை நிறுவனத்தில் இந்தியாவின் பங்கு 50.5, ரஷ்யாவின் பங்கு 49.5. அந்த அரை விழுக்காடு வேண்டுமென்றே வைத்தது.

உங்கள் மாணவர்கள் நாளை இத்தகைய ஒப்பந்தத்தைப் படிக்க நேர்ந்தால் சில வரிகளைத் தேடச் சொல்லுங்கள். கொடுப்பது உற்பத்தி வரைபடமா, அல்லது 'ஏன் இப்படி வடிவமைத்தோம்' என்ற வடிவமைப்புக் கணக்குமா? நாம் செய்யும் முன்னேற்றத்தின் உரிமை யாருக்கு? ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்த அறிவைப் பயன்படுத்தலாமா? மூன்றாம் நாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உண்டா? எத்தனை பேருக்கு, எந்த ஆலையில், எத்தனை மாதப் பயிற்சி? பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் வரி நிரம்பியிருக்கும், மற்றவை காலியாக இருக்கும்.

கொழும்பில் மாலபே – கோட்டை இலகு ரயிலுக்கு ஜப்பான் கடன் கைச்சாத்தாகி, பிறகு எங்கள் அரசாங்கமே இரத்துச் செய்தது. ஆட்சி மாறினால் இப்படி விலகுவது ஒரு நாட்டின் உரிமை இல்லையா? அதற்கு விலை என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

உரிமை உண்டு. விலையும் உண்டு. 15.7 கி.மீ. பாதைக்கான கடன் ஒப்பந்தம் 2019 மார்ச்சில், இரத்து 2020 செப்டம்பரில். செலவு அதிகம் என்பது சொன்ன காரணம். அது நியாயமான ஐயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை எழுப்ப வேண்டிய இடம் சாத்தியக்கூறு ஆய்வு. கடன் கையெழுத்தாகி ஆலோசகர்கள் வேலையில் இறங்கிய பின் விலகினால், அதுவரை செய்த வேலைக்கான கட்டணம் மிஞ்சும், ரயில் மிஞ்சாது.

கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையமும் அப்படியே. இலங்கைக்கு 51, இந்தியா – ஜப்பானுக்கு 49 என்று 2019 மே மாதம் ஒத்துழைப்புக் குறிப்பு. தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பின் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதே ஆண்டு மேற்கு முனையத்தை 35 ஆண்டுக்கு, துறைமுக அதிகார சபைக்கு 15 விழுக்காடு மட்டும் வைத்துக் கொடுக்க ஒப்பந்தம். முதலில் மறுத்ததைவிடப் பெரிய பங்கு வெளியே போனது. நிபந்தனை பிடிக்காவிட்டால் முழுதாக முறிப்பதற்கு முன் திருத்தம் கேட்கலாம்: வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பது, நீளத்தைக் குறைப்பது, கொள்முதல் விகிதத்தை மறுபேசுவது. இவற்றுக்கெல்லாம் இடம் இருந்தது.

2022 ஏப்ரலில் இலங்கை கடன் தவணையை நிறுத்தியதும் ஜைக்கா நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கான பணத்தையும் நிறுத்தியது. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் உட்பட. கடன் மறுசீரமைப்பு உடன்பாடு 2024 ஜூனில் கையெழுத்தான பின் ஜூலையில்தான் மீண்டும் திறந்தது. இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றோடு இந்தியாவும் இணைத் தலைமை வகித்தது. 1991-ல் நெருக்கடியில் சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்த நாடு இந்தியா. வளரும் நாடு மேசையின் மறுபக்கம் உட்காரும்போது, தான் அன்று பட்டதை நினைவில் வைத்து நடக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

எஃப்டா ஒப்பந்தத்தில் 100 பில்லியன் டாலர் முதலீடு உறுதி என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த வர்த்தகக் கூட்டமைப்பு எஃப்டா. இந்தியாவோடு 2024 மார்ச் 10-ல் கையெழுத்து, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறை. முதல் 10 ஆண்டில் 50 பில்லியன், அடுத்த 5 ஆண்டில் இன்னொரு 50. வாசகத்தைக் கவனியுங்கள்: அந்த அளவுக்கு முதலீட்டை உயர்த்த முயல்வது என்பதே கடமை. பங்குச் சந்தையில் வந்து போகும் பணம் கணக்கில் வராது. எட்டவில்லை என்றால் பல அடுக்குப் பேச்சுவார்த்தைக்குப் பின் இந்தியா தன் வரிச் சலுகையைத் தற்காலிகமாகத் திரும்பப் பெறலாம். எனவே காசோலை இல்லை, ஆனால் வெறும் வாய்ச்சொல்லும் இல்லை.

நர்சிங் முடித்திருக்கிறேன். ஜப்பானில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் 4 லட்சம் கேட்கிறார். போகலாமா?
– வாசகி, நாகர்கோவில்

அந்த ஏஜெண்டிடம் போகாதீர்கள், அம்மா. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. மட்டும். முகவரின் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

வழி உண்மையாகவே இருக்கிறது. 2021 ஜனவரியில் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவுக்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2025 ஆகஸ்டில் ஐந்து ஆண்டில் 50,000 திறன் பணியாளர்களை இங்கிருந்து ஜப்பானுக்கு அனுப்பும் இலக்கையும் அறிவித்தார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் நர்சிங் பதிவு அங்கே செல்லாது. அங்கே நர்ஸ் ஆக வேண்டுமானால் ஜப்பானிய மொழியில் அந்நாட்டுத் தேர்வு எழுத வேண்டும். இந்த விசாவில் நீங்கள் செய்யப்போவது முதியோர் பராமரிப்பு: குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, எழுப்பி நடக்கவைப்பது.

தேர்வுகள் மூன்று. ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் மொழித் தேர்வு, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்பு வேலைக்கான ஜப்பானிய மொழித் தேர்வு. விசா மொத்தம் 5 ஆண்டு, குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அந்த ஐந்து ஆண்டுக்குள் பராமரிப்புப் பணியாளருக்கான தேசியத் தேர்வில் தேறினால் தங்கும் உரிமை மாறும், குடும்பமும் வரலாம். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் என்பது அங்கே சட்டம்.

வேலை ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் பிடித்தம், இரவுப் பணிப் படி மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். முன்பணம் அல்லது அசல் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை வேலை கொடுப்பவர் வாங்கி வைத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள்.